தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்கள் கோப்புக்குத் தெரியும், எங்களுக்கும் சொல்லுங்கள்

சென்னைப் பெருநகரின் நிலப்பயன்பாட்டை வகுக்கிறவர்களுக்கும், மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தருகிறவர்களுக்கும், அவற்றைப் பத்திரப் பதிவு செய்கிறவர்களுக்கும்,

சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் வீடு தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் எங்களுடையது. பணம் போதுமா, கடன் கிடைக்குமா என்பதெல்லாம் எங்கள் கவலை, அதை உங்களிடம் கொண்டுவரவில்லை. கையில் எவ்வளவு காசு இருந்தாலும் நாங்களாகத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். தாம்பரத்துக்கு மேற்கே ஒப்புதல் பெற்ற ஒரு மனைப்பிரிவைப் பார்த்தோம். அங்கே 2015-லும் 2023-லும் எவ்வளவு தண்ணீர் நின்றது, ஒப்புதல் தரும்போது என்ன நிபந்தனை போட்டார்கள் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "அப்ரூவல் இருக்கு இல்ல சார், அப்புறம் என்ன?" என்றார் அங்கிருந்தவர். எரிச்சலாகச் சொல்லவில்லை. என் கேள்வி அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. ஒப்புதல் இருக்கும் இடத்தைப் பற்றி ஒருவர் வேறு என்ன கேட்டுவிட முடியும் என்று நினைத்தார். அந்த நினைப்பைத்தான் என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒரு பகுதியில் குடியேறலாமா வேண்டாமா என்று இந்த ஊரில் நாங்கள் எப்படி முடிவெடுக்கிறோம் தெரியுமா? புரோக்கர் எங்களைக் கூட்டிப்போவது எப்போதும் கோடையில். ஏப்ரல், மே மாதத்தில் எல்லா இடமும் மேடுதான். அவரோடு போய்வந்த பிறகு, இன்னொரு நாள் அவர் இல்லாமல் போகிறோம். டீக்கடையில் நிற்கிறோம். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கிறோம். சொந்த வீட்டுக்காரர்களிடம் கேட்பதில் பயனில்லை, "எங்க தெருவுல நிக்காது, அடுத்த தெருவுலதான்" என்பார்கள். அடுத்த தெருவில் கேட்டால் இந்தத் தெருவைக் காட்டுவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் உண்மை சொல்வார்கள். "கணுக்கால்", "முட்டி", "இடுப்பு", "மாடிப்படியில நாலாவது படி" என்று அவர்களிடம் ஒரு தனி அளவுமுறையே இருக்கிறது.

அப்புறம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. மதில்சுவரில் ஒரே உயரத்தில் ஓடும் பழுப்புக் கறை. மின் மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட எவ்வளவு மேலே ஏற்றப்பட்டிருக்கிறது என்பது. மோட்டாருக்குத் தனியாக மேடை கட்டியிருக்கிறார்களா, கேட்டுக்கு உள்ளே ஒன்றரை அடிக்குத் தடுப்புச்சுவர் எழுப்பியிருக்கிறார்களா என்பது. ஒரு தெருவில் பழைய வீடுகளின் ஜன்னல் விளிம்பும் சாலையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்க, பக்கத்தில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு அஸ்திவாரம் ஐந்தடி எழும்பியிருந்தால், அந்தத் தெருவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. துப்பறியும் வேலை இது. ஒரு குடும்பம் தன் இருபது வருடக் கடனை இந்தத் துப்பறிதலை நம்பித்தான் வாங்குகிறது.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல். அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. அதனால் கீழ்த்தளம் வேண்டும். நாங்கள் போய்ப் பார்த்த பகுதிகளில் நலம் விரும்பிச் சொன்ன எல்லோரும் ஒரே குரலில், "கீழ்த்தளம் மட்டும் எடுக்காதீங்க" என்றார்கள். நகரத் திட்டமிடல் என்று பெரிய பெயரில் நீங்கள் செய்யும் வேலை, எங்கள் வீட்டில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

எல்லோரும் எல்லாவற்றையும் அறிந்தே வாங்குகிறார்கள், விலை குறைவு என்றால் ஆசைப்பட்டு விழுகிறார்கள் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இந்த ஊர் மக்களுக்குத் தண்ணீர்க் கணக்கு தெரியாமல் இல்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனேயே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசையாக ஏறி நின்றதை நாடே பார்த்தது. தங்கள் தெருவில் எந்த உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்று அந்தக் கார்களின் சொந்தக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது குடிவந்து, ஒரு மழைக்காலம் பட்டு, கார் இன்ஜின் போன பிறகு கிடைத்த அறிவு. வாங்குவதற்கு முன்னால் அது அவர்களுக்கு எங்கே கிடைத்திருக்கும்? பத்திரத்தில் இல்லை. வில்லங்கச் சான்றில் இல்லை. வங்கியின் சட்ட வல்லுநர் முப்பது வருடத்துக்கு வில்லங்கம் பார்க்கிறார், மூலப்பத்திரம் கேட்கிறார், பட்டாவில் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். மதிப்பீட்டாளர் வந்து படம் எடுத்துப் போகிறார். நாங்கள் பார்த்த காகிதங்களில் ஒன்றில்கூடத் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்களிடம் அந்த வரி இருக்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

தாழ்வான பகுதியிலோ நீர்நிலைக்குப் பக்கத்திலோ மனை பிரிக்கவோ பெரிய கட்டடம் கட்டவோ விண்ணப்பம் வந்தால், நீர்வளத்துறையிடம் வெள்ள அபாயம் குறித்துத் தடையின்மைச் சான்று கேட்பது நடைமுறை. அந்தச் சான்றைத் தருமுன் பொறியாளர்கள் இடத்தைப் பார்க்கிறார்கள். பக்கத்து ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம், வாய்க்கால் போகும் வழி, வெள்ளம் எட்டிய மட்டம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இந்த நிலத்தை இத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும், இந்த இடத்தில் இத்தனை அகலத்துக்கு வடிகால் விட வேண்டும் என்று நிபந்தனை எழுதுகிறார்கள். அதாவது, நான் டீக்கடையில் நின்று விசாரித்த விஷயத்துக்கு, அளந்து எழுதப்பட்ட பதில் ஒரு கோப்பில் தூங்குகிறது. மனை விற்பவருக்கு அது தெரியும். ஒப்புதல் தந்தவருக்குத் தெரியும். அந்த வீட்டில் படுத்துத் தூங்கப்போகிறவருக்கு மட்டும் தெரியாது.

நிபந்தனை எழுதியதோடு வேலை முடிந்ததா என்றால் அங்கேதான் இரண்டாவது வயிற்றெரிச்சல். மனைப்பிரிவின் முன்பக்கச் சாலையையும் அலுவலகம் போட்டிருக்கும் இடத்தையும் மண் கொட்டி உயர்த்துகிறார்கள். உள்ளே போகப் போக மட்டம் இறங்குகிறது. வடிகால் என்று காட்டிய கோடு, மனைப்பிரிவின் எல்லை வரை வந்து அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் அது எந்த வாய்க்காலிலும் சேரவில்லை. நாங்கள் பார்த்த இடங்களில் ஒன்றில் புத்தம்புதிய கான்கிரீட் வடிகால், ஒரு காலி மனையின் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நிபந்தனைப்படி உயர்த்திய இடத்திலும் கதை முடிவதில்லை. ஒரு லேஅவுட்டை நாலடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்துப் பழைய தெருவுக்குப் போகிறது. அவர்கள் அடுத்து வீடு கட்டும்போது ஆறடி உயர்த்துகிறார்கள். நடுவில் சாலை போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுக்குகிறார்கள். சாலையின் மட்டத்தை உயர்த்தாமல் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். சுற்றிப் பார்த்தால் அந்த உத்தரவு எல்லாத் தெருவுக்கும் வந்துசேர்ந்த மாதிரித் தெரியவில்லை.

முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததைத்தான் பேசுவார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அவற்றை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டர் மழையும். அடையாறு பிறந்து வளரும் இடமே அதுதான். ஆற்றுக்கு அங்கே அகலம் தேவைப்படும் என்று ஓர் ஆயக்கட்டு விவசாயியைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். அந்த அகலத்தில்தான் தெருத்தெருவாக வீடுகள் வந்தன. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய்கள் வெட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் 2021 நவம்பரில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வந்தது. 2015 வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அதை மனிதர்களால் உண்டான பேரிடர் என்றே குறிப்பிட்டது. அது 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அதே வட்டாரத்தில் புதிய மனைப்பிரிவுகளின் கொடிகள் பறக்கின்றன. கொடியில் தண்ணீரைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறது.

எல்லாம் தனியார் செய்த பாவம் என்று சொல்லிக் கைகழுவவும் முடியாது. மாம்பலத்தின் நீண்ட ஏரியை மூடித்தான் 1920-களில் தியாகராய நகர் வந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. முகப்பேரிலும் அம்பத்தூரிலும் அரசே போட்ட குடியிருப்புகளின் முகவரியில் இன்றைக்கும் 'ஏரித் திட்டம்' என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் தெரியாமல் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது தெரிந்து செய்வதற்கு என்ன காரணம் சொல்வது?

பள்ளிக்கரணை கதை இன்னும் மோசம். அந்தச் சதுப்புநிலத்தின் 1,247 ஹெக்டேர் பரப்பு 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. நல்ல செய்தி, வாழ்த்துச் சொன்னோம். ஆனால் அந்த எல்லை தரையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குக் கட்டடம் கூடாது என்பது தீர்மானமாகவில்லை. 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அது வரையறுக்கப்படும் வரை ஒரு கிலோமீட்டருக்குள் புதிய அனுமதிகள் கூடாது என்றது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அங்கே முன்பணம் கட்டியவர்கள் என்ன ஆவார்கள்? வீடு கிடைக்குமா, கிடைத்தால் அது இருக்கலாமா, விற்றால் வாங்க ஆள் வருமா என்று எதுவும் தெரியாமல் மாதத் தவணை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோடு கிழிக்க வேண்டியவர்கள் நேரத்துக்குக் கிழித்திருந்தால் சதுப்புநிலமும் பிழைத்திருக்கும், அந்தக் குடும்பங்களும் பிழைத்திருக்கும்.

தண்ணீர் வருவது ஒரு பக்கம் என்றால், தண்ணீர் வராதது இன்னொரு பக்கம். மாநகராட்சி எல்லை 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சேர்ந்த பகுதிகளில் வீட்டுவரி உடனே வந்தது, பாதாளச் சாக்கடை பல இடங்களுக்கு ஆண்டுக்கணக்கில் வரவில்லை. கழிவுநீர் லாரியும் குடிநீர் லாரியும் ஒரே தெருவில் ஒன்றையொன்று ஒதுங்கி வழிவிட்டுப் போவதைப் பழைய மாமல்லபுரம் சாலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. ஆனால் அடுக்ககம் விற்கும் விளம்பரத்தில் நீச்சல்குளத்தின் படம் இருக்கும், குழாயில் வரும் தண்ணீர் யாருடையது என்பது இருக்காது.

போக்குவரத்தும் அப்படித்தான். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. வேளச்சேரிக்கு 2007-ல் வந்துவிட்ட பறக்கும் ரயில், வெறும் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பரங்கிமலைக்குப் போய்ச் சேராமல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பாதி வழியில் தூண்களாக நின்றது. இதை நம்பி ஆதம்பாக்கத்தில் வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். வரப்போகும் மெட்ரோவை வைத்து இன்றைக்கே சதுர அடிக்கு விலை ஏற்றுகிறார்கள். வராத வருடங்களுக்கு யாரும் விலையைக் குறைப்பதில்லை.

நாங்களாவது தேர்ந்தெடுக்கிறோம். அந்த உரிமைகூட இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை எழுதினால் எனக்கு நாக்கு கூசும். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடும்பங்களை, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அவையெல்லாம் எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றி. செம்மஞ்சேரியில் மழைக்காலம்தோறும் தெருக்களில் தண்ணீர் நிற்கும் காட்சி தொலைக்காட்சிக்குப் பழகிப்போன ஒன்று. ஆற்றங்கரையிலிருந்து எழுப்பிச் சதுப்பின் ஓரத்தில் உட்கார வைத்ததற்கு மறுவாழ்வு என்று பெயர் வைத்தோம். வேலை மயிலாப்பூரிலும் சேத்துப்பட்டிலும் இருக்க, வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் பேருந்துக்கு நிற்கிறார்கள்.

உங்கள் பக்கத்துப் பதில்களும் எனக்குத் தெரியும். வெள்ள விவரத்தை வெளியிட்டால் ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருப்பவர்களின் சொத்து மதிப்பு விழும் என்பீர்கள். நியாயமான கவலைதான். முடிச்சூரில் வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர் என்ன பாவம் செய்தார்? ஆனால் உள்ளூர்க்காரர்களுக்குள் அந்த மதிப்பு எப்போதோ விழுந்துவிட்டது. இந்தத் தெருவில் என்ன விலை, அந்தத் தெருவில் என்ன விலை என்று புரோக்கருக்கு அத்துப்படி. விவரம் தெரியாமல் முழு விலை கொடுப்பவர் வெளியிலிருந்து வருபவர் மட்டும்தான். ஒருவரின் நஷ்டத்தை விவரம் தெரியாத இன்னொருவர் தலையில் கட்டுவது அந்தப் பகுதிக்குச் செய்யும் உதவி ஆகாது. விவரம் வெளியே வந்தால்தான் வடிகாலுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்க அங்கிருப்பவர்களுக்கும் ஆதாரம் கிடைக்கும்.

சென்னையில் எங்கேதான் தண்ணீர் நிற்கவில்லை என்றும் கேட்பீர்கள். இரண்டு மணி நேரம் தெருவில் கணுக்காலளவு நிற்பதும், நான்கு நாள் வரவேற்பறையில் இடுப்பளவு நிற்பதும் ஒன்றா? முதலாவதோடு வாழ்ந்துகொள்ளலாம், நாங்கள் பழகியவர்கள். எது எங்கே என்றுதான் கேட்கிறோம்.

அதிகாரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு மாநிலம் முழுக்க மனை வியாபாரம் பல மாதம் ஸ்தம்பித்தது நினைவிருக்கும். அடுத்த ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன, 2016 அக்டோபர் 20 என்று ஒரு தேதி வைத்து அதற்கு முன்னால் விற்றதை ஒழுங்குபடுத்தினீர்கள். பதிவு அலுவலக வாசலில் ஒரு நிபந்தனை வைத்தால் மொத்தச் சந்தையும் அதற்குப் பணியும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். நாற்பது லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் வாங்கிக்கொள்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு இடத்தைப் பற்றி ஒரு தாள் கேட்பது பேராசை இல்லை.

இந்தக் கோரிக்கைகளுக்கு இதுவே சரியான நேரமும்கூட. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று பெருநகருக்கு வகுக்கும் முழுமைத் திட்டத்தில், 2008-ல் வந்த இரண்டாவது திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம் எழுதப்படுகிறது. பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கி 2022-லேயே அறிவித்தாகிவிட்டது. அந்த விரிவுக்குள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் எத்தனையோ ஏரிகளும் அவற்றைக் கோத்துக்கொண்டு போகும் வாய்க்கால்களும் இருக்கின்றன. வேளச்சேரியில் நடந்ததை அங்கே இன்னும் பெரிதாக நடத்திக்காட்ட இடம் தாராளமாக இருக்கிறது.

நான் கேட்பவை இவை.

நீர்வளத்துறை தரும் வெள்ள அபாயச் சான்றையும் அதில் உள்ள நிபந்தனைகளையும் சர்வே எண் வாரியாக இணையத்தில் போடுங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் எங்களால் பார்க்க முடிகிறது. அதே சர்வே எண்ணைத் தட்டினால் இதுவும் வர வேண்டும். பழைய ஒப்புதல்களுக்கும் சேர்த்து. 2015, 2021, 2023 வெள்ளங்களில் தெருவாரியாகத் தண்ணீர் எட்டிய உயரத்தை வெளியிடுங்கள். அந்த உயரத்தைத் தெரு மின்கம்பங்களில் பெயின்ட் அடித்துக் குறியுங்கள். செலவு அதிகமில்லை, இஸ்திரிக்காரரைக் கேட்டாலே உயரம் சொல்லிவிடுவார். 2021 வெள்ளத்துக்குப் பிறகு அமைத்த திருப்புகழ் குழு 2023 மார்ச்சில் தந்த இறுதி அறிக்கையில் எந்தப் பகுதிக்கு என்ன சொல்லியிருக்கிறது, அதில் எது முடிந்தது, எது பாக்கி என்பதை வார்டு வாரியாகத் தமிழில் கொடுங்கள்.

மனையோ வீடோ பதிவாகும்போது, விற்பவர் கையெழுத்திட்ட ஒரு பக்க விவரத்தாள் பத்திரத்தோடு இணைய வேண்டும் என்று விதி செய்யுங்கள். அதில் வெள்ளம் எட்டிய உயரம், சாலை மட்டத்துக்கும் மனை மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், குடிநீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே போகிறது என்பவை இருக்க வேண்டும். பொய் எழுதினால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு வேண்டும். கட்டுநர்கள் தங்கள் திட்டத்துக்குப் பெற்ற ஒப்புதல்களை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி இணையத்தில் காட்ட வேண்டும் என்று 2016-லிருந்தே இருக்கிறது. அதில் இந்தச் சான்றும் கட்டாயம் என்று சேர்த்தால் போதும். இன்னும் கட்டத் தொடங்காத ரயிலையும் மெட்ரோவையும் விளம்பரத்தில் போடுவதைத் தடை செய்யுங்கள்.

மனைப்பிரிவின் வடிகால் ஒரு வாய்க்காலிலோ ஏரியிலோ உண்மையாகவே போய்ச் சேருகிறது என்று ஒரு பொறியாளர் மழைக்காலத்தில் நேரில் பார்த்துச் சான்று தரும் வரை, அந்த மனைகளில் வீடு கட்ட அனுமதி தராதீர்கள். கோடையில் பார்த்த சான்று செல்லாது.

மூன்றாவது முழுமைத் திட்டத்தில் நீர் போகும் வழிகளையும் ஏரிகளின் உபரிநீர்ப் பாதைகளையும் முதலில் வரைந்து பூட்டுங்கள், அப்புறம் குடியிருப்புக்கு நிறம் பூசுங்கள். பிறகு ஒவ்வொரு சர்வே எண்ணாக நிலப்பயன்பாடு மாற்றம் கேட்டு வரும்போது, நாளிதழின் மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு போட்டு முடித்துக்கொள்ளாமல், அந்த ஊரிலேயே, அந்த ஏரிப் பாசனக்காரர்களையும் பக்கத்துத் தெருவாசிகளையும் வைத்துக் கேட்டு முடிவெடுங்கள். பள்ளிக்கரணையின் எல்லையையும் சுற்று மண்டலத்தையும் வரையறுத்து வெளியிடுங்கள். அங்கே ஏற்கெனவே பணம் கட்டிய குடும்பங்களுக்கு என்ன வழி என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லுங்கள்.

மறுகுடியமர்த்தப்படும் எந்தக் குடும்பத்தையும், நான் மேலே கேட்ட அதே விவரத்தாளைக் கையில் கொடுத்து, இடத்தை மழைக்காலத்தில் கூட்டிப்போய்க் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்காமல் நகர்த்தாதீர்கள். மறுத்தால் இப்போது இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேறு வழி தேடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று மூன்றாவது திட்டத்தின் வரைவோடு சேர்த்து எழுத்தில் வெளியிடுங்கள். வரைவைத் தமிழில், வரைபடங்களோடு, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் வைத்து, ஆட்சேபம் சொல்ல எங்களுக்குக் குறைந்தது தொண்ணூறு நாள் கொடுங்கள்.

இப்படிக்கு,
தாம்பரம் பக்கம் வீடு தேடிக்கொண்டிருக்கும் ஒரு வாடகைக் குடியிருப்பாளர்